இரவல் சிரிப்பு

துளி படம் போடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் அவருடைய கையைத்தான் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் கிடைக்காது. பார்க்க வேண்டியது முகத்தை.

கை சும்மா பின்னால் வருகிற ஆள். முன்னால் போவது முகம்தான். கொட்டாவியை அடக்கப் பார்க்கிற ஓர் அமைச்சரை வரைய வேண்டுமென்றால் முதலில் துளியின் தாடை இறுகும். மூக்கு விடைக்கும். கண்ணோரத்தில் நீர் கோத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பென்சில் தாளைத் தொடும். கூட்டத்தில் முண்டியடிக்கிற ஆள் என்றால் கழுத்து நீளும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் என்றால் மேலுதடு மட்டும் தனியாக நடுங்கும். ஒருமுறை பேருந்தில் மறுநாள் படத்தை யோசித்துக்கொண்டு வந்தவரைப் பார்த்து, எதிர் இருக்கைப் பெண்மணி நடத்துநரிடம் புகார் சொல்லிவிட்டார். துளி இறங்கி மிச்ச தூரத்தை நடந்தே போனார். வீடு வருவதற்குள் புகார் சொன்ன பெண்மணியின் முகம் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மறுநாள் படத்தில் அதுதான்.

சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை வங்கியில் மட்டும் கூப்பிடுவார்கள். பத்திரிகையில் சேர்ந்த முதல் நாள், படம் முடிகிற நேரத்தில் தூரிகையிலிருந்து ஒரு சொட்டு மை வலது மூலையில் விழுந்தது. மாற்றி வரைய நேரமில்லை, அப்படியே அச்சாயிற்று. மறுநாள் சுத்தமாக வரைந்து கொடுத்தால், அந்தச் சொட்டு எங்கே என்று பக்கம் கட்டுகிறவரே கேட்டார். அன்றிலிருந்து அதுவே கையெழுத்து, அதுவே பெயர். முதல் பக்கத்தின் அடியில் அவருக்கு ஒரு கட்டம். அலுவலகத்தில் அதற்குப் 'பெட்டி' என்று பெயர். வாசகர்களில் பாதிப் பேர் பேப்பரைக் கீழேயிருந்து மேலே படிக்கிறவர்களாக மாறியதற்கு அந்தப் பெட்டிதான் காரணம் என்று ஆசிரியர் மேடைகளில் சொல்வதுண்டு.

வேலை வீட்டில்தான். இரண்டாம் மாடி, ஜன்னலோரம் சாப்பாட்டு மேசை. அதன் ஒரு பாதியில் உப்பும் ஊறுகாயும், மறு பாதியில் மைப்புட்டியும் நிப்புகளும் நீலப் பென்சிலும். நீலக் கோடு எத்தனை போட்டாலும் அச்சில் விழாது என்பதால், படத்துக்கு அடியில் இன்னொரு படம் மாதிரி எப்போதும் ஒரு நீலக் குழப்பம் இருக்கும். ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் பின்சுவர். மழைக்காலத்தில் அதில் ஈரம் ஊறிக் கறைகள் வரும், போகும். துளிக்கு அவை கறைகள் இல்லை. மூக்குகள், தாடைகள், இரட்டை நாடிகள். ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரே கறை காதாக இருந்து மெல்ல மெல்ல வாயாக மாறியதை அவர் பார்த்திருக்கிறார்.

அவருடைய மனைவிக்கு ரயில் நிலையத்தில் வேலை, டிக்கெட் கவுன்ட்டரில். காலை ஷிப்ட் முடிந்து மதியம் வீட்டுக்கு வருவாள். அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. நிலையத்தில் அவள் காதுபடவே 'கல்லு மேடம்' என்பார்கள். ரயிலைத் தவறவிட்டவன் அழுதாலும், குடித்தவன் பாடினாலும், கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகத்தில் ஒரு கோடு அசையாது. கல்யாணமான புதிதில் துளி தன் படத்தைக் காட்டி, கொஞ்சம் சிரிக்கலாமே என்று கேட்டபோது அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"கவுன்ட்டரை மூடினா என் மூஞ்சிக்கு லீவு."

ஆனாலும் ஒவ்வொரு நாளும் படம் முதலில் போவது அவளிடம்தான். கள்ள நோட்டா என்று பார்க்கிற மாதிரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பார்க்கும்போது அவளுடைய இடது மூக்குத் துவாரம் ஒரு தரம் லேசாகத் துடித்தால் படம் தேறியது. துடிக்காவிட்டால் துளி பேசாமல் அடுத்த தாளை எடுப்பார். இத்தனை வருஷமாக அந்தத் துடிப்பில்தான் அவருடைய பிழைப்பு ஓடுகிறது என்பது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, துளி எழுந்து வந்து மேசையில் உட்கார்ந்தபோது அவர் வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

மனைவி டீயை வைத்துவிட்டுப் பார்த்தாள். இன்றைக்கு யாராம், நகரசபையா என்று கேட்டாள். ஆமாம், குழாய் திறப்பு விழா என்றார் துளி. சொல்லும்போது வார்த்தை கொஞ்சம் குழறியது. படம் பலமாகப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவள் வேலைக்குப் போனாள். கூடவே குடியிருக்கிற அவளுடைய தம்பி பல் விளக்கிக்கொண்டு வந்து பார்த்து, அத்தான் இன்னைக்கு நல்லா பண்றீங்க என்று பாராட்டிவிட்டுத் தன் போட்டோ ஸ்டூடியோவைத் திறக்கக் கிளம்பினான். துளிக்கும் சந்தேகம் வரவில்லை. டீ வாயோரம் வழிந்து சட்டையில் விழுந்ததைக்கூட, யோசனையில் இருந்தால் இப்படித்தான் என்று துடைத்துக்கொண்டார். வேறு எந்த வீட்டிலாவது ஒருவர் இப்படி வாய் கோணி உட்கார்ந்திருந்தால் ஊரே கூடியிருக்கும். இந்த வீட்டில் அது வேலை நேரம்.

அன்றைய படத்தில் குழாயைச் சுற்றி நகரசபை உறுப்பினர்கள் நின்றார்கள். குழாயில் தண்ணீர் இல்லை. அத்தனை பேருக்கும் வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. மனைவியின் மூக்கு துடித்ததால் படம் அச்சுக்குப் போய்விட்டது. பக்கம் கட்டுகிறவர் மட்டும் தொலைபேசியில், என்ன சார் எல்லாரும் ஒரே பக்கமா பேசுறாங்க என்று கேட்டார். கேட்டுவிட்டு, அதிலும் ஏதோ அரசியல் இருக்கும் என்று அவரே சமாதானமாகிவிட்டார்.

மறுநாள் மதியம் மனைவி வந்தபோது துளி மேசையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை வந்தது. வலது கண் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். முகத்தை வைத்து வேலை பார்க்கிறவராக இருந்தாலும் தூக்கத்தில் யாரும் வேலை பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்கு உறைத்தது அப்போதுதான்.

டாக்டர் திட்டினார். முதல் நாளே ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டார். அவள் அதே கவுன்ட்டர் முகத்தோடு பதில் சொன்னாள்.

"முகம் கோணலா இருந்தா இவர் வேலை பார்க்கிறார்னு அர்த்தம், டாக்டர்."

முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, வலது பாதி ஓய்வு எடுக்கிறது, அவ்வளவுதான் என்று டாக்டர் விளக்கினார். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, வெளியில் போனால் கண்ணுக்கு ஒரு பஞ்சு மூடி. கன்னத்தை ஊதிப் பழக வேண்டும், விசில் அடித்துப் பழக வேண்டும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், பெரும்பாலும் திரும்பிவிடும், சிலருக்குக் கொஞ்சம் பாக்கி வைக்கும். கை நன்றாக இருக்கிறது, நீங்கள் தாராளமாக வரையலாம் என்று அவர் ஆறுதலும் சொன்னார்.

கை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. துளி மேசையில் உட்கார்ந்து வீடுகள் வரைந்தார், குடைகள் வரைந்தார், நாற்காலியின் கால் வளைவுகூட அழகாக வந்தது. நாற்காலியில் ஆளை உட்கார வைத்தால் அந்த ஆளுக்கு முகம் வரவில்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. உள்ளே ஆள் இல்லை. முகம் என்பது பார்த்து வரைகிற பொருள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். துளி எந்த முகத்தையும் பார்த்து வரைந்ததில்லை. போட்டுக்கொள்வார், சட்டை மாதிரி. இப்போது கை நுழைக்கிற பக்கம் தைத்துக் கிடந்தது.

வெளியே மழை நூலாக இறங்கிக்கொண்டேயிருந்தது. பகல் முழுவதும் வீட்டுக்குள் ஈரத்துணியின் நிறத்தில் ஒரு வெளிச்சம். மாத்திரைகளின் மயக்கத்தில் மதியங்களில் ஒரே கனவு வந்தது. நீளமான ஒரு வரிசை. வரிசையில் ஆட்கள் இல்லை, முகங்கள் மட்டும் தோள் உயரத்தில் மிதந்து நிற்கின்றன. கோபம், அசடு, பசி, பெருமை, எல்லாம் அவருக்குத் தெரிந்த முகங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர். ஒவ்வொன்றாக வந்து, எங்களுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்கின்றன. அவர் வாயைத் திறப்பதற்குள் யாரோ 'மூடப்பட்டது' என்ற பலகையை நிறுத்துகிறார்கள். முகங்கள் கோபித்துக்கொள்ளாமல் திரும்பி மழைக்குள் போகும். விழித்தால் எதிர்ச்சுவரில் ஒரு கறைகூட மூக்காக இருக்காது. வெறும் கறையாகவே இருக்கும்.

இந்த நிலையில் ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். எப்போதும் கிராம்பை மென்றுகொண்டு மெதுவாகப் பேசுகிற மனிதர். பெட்டியில் பழைய படங்களைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் வருகிற அமைச்சர்கள் பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் உலகத்தை விட்டே. இதைச் சிரித்துக்கொண்டே சொன்னவர், கிளம்புகிற நேரத்தில்தான் விஷயத்துக்கு வந்தார். ஒரு மெத்தைக் கம்பெனி அந்த இடத்தை வருஷம் முழுக்கக் கேட்கிறது. முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்த திங்கள்கிழமை வரைக்கும் தாக்குப் பிடிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"திங்கள்கிழமைப் பேப்பருக்கு புதுசா ஒரு படம் கொடுத்துடுங்க, நான் முதலாளியைப் பார்த்துக்கறேன். அது இல்லேன்னா என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை. பெட்டியில ஒரு தடவை மெத்தையைப் போட்டுட்டா அது எழுந்திரிக்காது, துளி."

துளி தலையாட்டினார். ஆசிரியர் பையிலிருந்து ஒரு தகவலையும் எடுத்துப் போட்டுவிட்டுப் போனார். குழாய் விழாப் படத்தின் அசலை நகரசபை உறுப்பினர் ஒருவர் விலைக்குக் கேட்கிறாராம். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் சற்றுக் கோணல். போன் பண்ணினாராம். ஆசிரியர் பயந்துகொண்டே எடுத்தால், "இவ்வளவு நாளா கூட்டத்துல நான் ஒருத்தன்தான் தனியா இருந்தேன் சார், உங்க ஆள் எல்லாரையும் என் பக்கம் சேர்த்துட்டார்" என்று சந்தோஷப்பட்டாராம். துளி அசலைச் சும்மா கொடுத்தனுப்பினார். அன்று பூராவும் அந்த மனிதரையே நினைத்துக்கொண்டிருந்தார்.

மச்சான் உதவிக்கு வந்தான். முகம்தானே வேண்டும், என்னிடம் இல்லாத முகமா என்று ஸ்டூடியோவிலிருந்து ஒரு பிஸ்கட் டின் நிறைய பாஸ்போர்ட் படங்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினான். பழையதும் புதியதுமாகக் குவியல். துளி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லோரும் நேராகப் பார்த்தார்கள். எல்லோரும் வாயை மூடியிருந்தார்கள். எல்லோருக்கும் ஏதோ ஓர் அதிகாரி முன்னால் நிற்கிற பயம்.

"டேய் மச்சான், இதுல ஒருத்தனாவது சிரிக்கிறானாடா?"

"சிரிச்சா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்களே அத்தான். சிரிக்காதீங்கன்னு சொல்றதுக்குத்தான் எனக்குக் காசே."

பிறகு அவனே கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக் காட்டினான். அழுது காட்டினான். கோபம் என்று கண்ணை உருட்டினான். பள்ளிக்கூட நாடகத்தில் ராஜாவாக வந்தவனுக்கு எல்லா முகமும் ராஜாவாகவே வந்தது. போதும், ராஜ்ஜியத்தைக் கலைத்துவிடு என்றார் துளி. அவன் படங்களைப் பொறுக்கி டின்னில் போட்டுக்கொண்டு போனான். ஒரு படம் மட்டும் ஊறுகாய்ப் புட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. யாரோ ஒரு வயதானவர், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் மனைவி வேலையிலிருந்து வந்தாள். முகம் கழுவினாள். சாதத்தைப் பிசைந்து, வலது பக்கம் ஒதுங்காமல் சாப்பிடுவதற்காக அவருக்குச் சின்ன ஸ்பூனில் எடுத்துக் கொடுத்தாள். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இன்றைக்கு ஒருவன் வந்தான் என்று ஆரம்பித்தாள். கவுன்ட்டர்க் கதை சொல்வது அவள் வழக்கமே இல்லை. நேற்றைய தேதி டிக்கெட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கு வந்தவன். அவன் தவறு என்று அவனுக்கே தெரியும். ஆனால் தெரிந்தது நமக்குத் தெரியக் கூடாது என்று நின்றான்.

"எப்படி நின்னான்?" என்றார் துளி.

அவள் எப்படி என்று சொல்லவில்லை. கழுத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். புருவத்தில் ஒன்று மேலே போனது. வாய் சிரிக்கப் பார்த்து, பாதியில் அதிகாரமாக மாறி, அதுவும் நிலைக்காமல் காற்றுப் போனது. கண் மட்டும் வேறு எங்கேயோ, வெளியே போகிற வழியைத் தேடிக்கொண்டிருந்தது.

துளி பென்சிலை எடுத்ததுகூட அவருக்குத் தெரியாது. நீலக் கோடுகள் தாளில் ஓடி முடிந்தபோது அதில் ஓர் ஆள் நின்றான். நேற்றைய டிக்கெட்டோடு நின்றான். உள்ளே ஆள் இருந்தது.

இந்த முகங்களை எல்லாம் இத்தனை வருஷமாக எங்கே வைத்திருந்தாய் என்று துளி கேட்டார். அவள் ஸ்பூனைக் கழுவப் போய்க்கொண்டே சொன்னாள்.

"வாங்கி வாங்கி வெச்சுக்கறதுதாங்க என் வேலை. திருப்பிக் கொடுக்க அங்க வழி கிடையாது. நான் அசைஞ்சா அவங்க சண்டைக்கு வருவாங்க. அப்படியே உள்ளே போட்டுக்குவேன்."

அந்த வாரம் மதியங்கள் அப்படிப் போயின. மழை பெய்யும். அவள் வருவாள், முகம் கழுவுவாள், உட்காருவாள். போகாத ஊருக்கு ரயில் கேட்டவர். மகனை வழியனுப்ப வந்து, தானும் ஏறிவிடலாமா என்று யோசித்த அம்மா. சில்லறையை எண்ணுகிற சாக்கில் அழுகையை முடித்துக்கொண்ட பெண். ஒவ்வொருவராக அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வந்து, மெல்லிய வெளிச்சத்தில் அவள் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தாளில் இறங்கிப் போனார்கள். துளிக்கு அது தன் கனவின் மறுபாதி போலிருந்தது. திரும்பிப் போன வரிசை வேறு ஒரு ஜன்னலில் வந்து நிற்கிறது, அந்த ஜன்னல் திறந்திருக்கிறது. கல் என்று நினைத்த முகத்துக்குள் இவ்வளவு தண்ணீர் ஓடியிருக்கிறது, அதன் பக்கத்திலேயே படுத்து எழுந்த தனக்குக் கேட்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை அவள் வந்ததும், உங்களுக்குப் படம் கிடைத்துவிட்டது என்றாள். ரயில் நிலையத்தில் ஒரு புதிய அறிவிப்பு வந்திருக்கிறது. அவளே தன் கையால் கவுன்ட்டர்க் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறாள். 'ரயில்களின் தாமதம் குறித்த அறிவிப்புகள் இனி சரியான நேரத்தில் செய்யப்படும்.'

துளியின் இடது பக்க முகம் முழுவதும் மேலே ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. துளி காலையிலேயே உட்கார்ந்துவிட்டார். நடைமேடை, பெரிய கடிகாரம், பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் கூட்டம். மேலே ஒலிபெருக்கி. கீழே எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பரவாயில்லை, அறிவிப்பு நேரத்துக்கு வந்துவிட்டது என்று திருப்தியாகத் தலையாட்டுகிறார்கள். கூட்டத்தின் நடுவில் ஒரே ஒரு பெண் மட்டும் வாய்விட்டுச் சிரிக்கிறாள். படத்தின் உயிர் அந்தச் சிரிப்பில். அது விழவில்லையென்றால் மிச்சமெல்லாம் வெறும் ரயில் நிலையம். மாலை ஆறு மணிக்குப் படத்தை வாங்க அலுவலகத்திலிருந்து ஆள் வருவான்.

மதியத்துக்குள் கூட்டம் முழுவதும் வந்துவிட்டது. தலையாட்டுகிற ஒவ்வொருவருக்கும் மனைவி முகம் கொடுத்தாள். சிரிக்கிற பெண்ணுக்கு மட்டும் கழுத்துக்கு மேல் வெள்ளையாக இருந்தது.

"சிரி" என்றார் துளி.

அவள் உதடுகளை விரித்தாள். பாஸ்போர்ட் ஆபீஸில்கூட அதைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

"இது பல் காட்டுறது. நான் கேட்டது சிரிப்பு."

"அது என்கிட்ட இல்லைங்க" என்றாள் அவள். தவறு செய்தவள் மாதிரிக் கையைப் பிசைந்துகொண்டாள். "வாங்கினாத்தானே கொடுக்க முடியும். டிக்கெட் எடுக்க வர்றவங்க யாருங்க சிரிக்கிறாங்க?"

மச்சான் நகைச்சுவை சொல்லிப் பார்த்தான். அவள் மூக்குக்கூட அசையவில்லை. துளி தன் பழைய படங்களில் நன்றாகத் தேறியவற்றை எடுத்துக் காட்டினார். அதையெல்லாம் அப்போதே பார்த்துவிட்டேனே என்றாள். எதிர்ச்சுவரில் வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. ஆறு மணிக்கு அதிக நேரமில்லை. வெள்ளையாக விட்ட முகம் தாளிலிருந்து துளியையே பார்த்துக்கொண்டிருந்தது. மெத்தையின் விளம்பரத்தை அவர் மனத்துக்குள் ஒருமுறை பார்த்துவிட்டார். வெள்ளை வெளேரென்று, அந்தக் கட்டம் முழுக்கப் படுத்திருந்தது.

"என்ன மாதிரி சிரிப்புன்னாவது சொல்லுங்க" என்றாள் மனைவி.

சொல்லத் தெரிந்தால் அவர் ஏன் வரைய வருகிறார். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் முகத்தை அந்தச் சிரிப்புக்குள் நுழைத்தார். இடது பாதி நுழைந்தது. கன்னம் ஏறி, கண் சுருங்கி, பல் தெரிந்து, நிஜமான முழுச்சிரிப்பின் சரிபாதி. வலது பாதி ஒன்றும் தெரியாதது போல அமைதியாக இருந்தது. சபையில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருக்க, மறு பாதிப் பேர் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றுகிற மாதிரி. அதோடு, ஊதிப் பழகச் சொல்லியிருந்த கன்னத்திலிருந்து 'புஸ்' என்று காற்று வேறு போனது. வலது வாயோரம் ஒரு சொட்டு எச்சில் இறங்கி, தாளின் வலது மூலையில், சரியாகக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் விழுந்தது.

அவள் அந்தச் சொட்டைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கு துடித்தது. அதோடு நிற்கவில்லை. தோள் குலுங்கியது. கையால் வாயைப் பொத்தினாள், கை போதவில்லை. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணில் நீர் வர, மூச்சு விட முடியாமல் அவள் சிரித்த சிரிப்பில் மேசை ஆடி மைப்புட்டி ஆடியது. நடுவில் எதையோ சொல்ல வந்து, அதுவும் சிரிப்பாகவே போனது. அக்கா சிரிக்கிறாளா என்று உள்ளறையிலிருந்து மச்சான் ஓடி வந்து கதவோரம் நின்றுவிட்டான். எத்தனை வருஷமாக உள்ளே போட்டு வைத்ததோ, அத்தனையும் வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தது.

துளி தாளைப் பார்க்கவே இல்லை. நீலப் பென்சிலைத் தேடவும் நேரமில்லை. நேராக மையில் போட்டார்.

அவள் அடங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்துக்குத் தூக்கினாள். நடைமேடையில் அவள்தான் நின்றாள். மூக்கு, நெற்றி, காதோர முடி, எல்லாம் அவளே. துளிக்கு அப்போதுதான் உறைத்தது. அறிவிப்பை ஒட்டிய கையும் இவள் கை. அதைப் பார்த்துச் சிரிக்கிற முகமும் இவள் முகம். விடிந்தால் பேப்பர் அவளுடைய அதிகாரிகள் மேசையில் இருக்கும்.

மூக்கை மட்டும் மாற்றிவிடுகிறேன், கொஞ்சம் வெள்ளை பூசினால் போதும் என்று அவர் தூரிகையைத் தேடினார். அவள் படத்தைத் தராமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கை மாத்தினா சிரிப்பு போயிடும்."

"உனக்கு ஏதாவது வம்பு வந்தா?"

"வந்தா கவுன்ட்டர்ல வரும். அங்க நான் பார்த்துக்கறேன். நீங்க சொட்டுல மை வைங்க."

துளி எச்சில் காய்ந்த இடத்தில் ஒரு சொட்டு மை வைத்தார். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டார், படம் தேறியதா என்று. அவள் முகம் அதற்குள் லீவில் போய்விட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று உள்ளே போனாள். வாசலில் அலுவலக ஆள் மணி அடித்தான்.

திங்கள்கிழமை காலை துளிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியில் படம் வந்துவிட்டது. ஆசிரியர் தொலைபேசியில், முதலாளியே அடியிலிருந்து மேலே படித்தார் என்று சொல்லிவிட்டார். அதையெல்லாம் கேட்டும் மனது நிற்கவில்லை. கண்ணில் பஞ்சு மூடியை ஒட்டிக்கொண்டு, வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார். அவள் வேலை செய்யும் இடத்துக்கு அவர் வந்ததே இல்லை. வரக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

வரிசை நீளமாக இருந்தது. ஈரக் குடைகளின் வாசனை. ஒற்றைக் கண்ணில் எல்லாம் கொஞ்சம் தட்டையாக, தாளில் வரைந்த மாதிரித் தெரிந்தது. கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்றவர்களின் முகங்கள் அவருக்கு நன்றாகத் தெரிந்தவையாக இருந்தன. எல்லோரும் அவர் வீட்டு மேசைக்கு வந்து போனவர்கள். கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டியிருந்தது, நான்கு மூலையும் நேராக. அதற்குப் பின்னால் அவள். அவருக்கு முன்னால் நின்ற கண்ணாடி போட்ட ஒருவர் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார், கவுன்ட்டரைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

அப்போது உள்கதவு திறந்து நிலைய அதிகாரி வந்தார். கையில் பேப்பர். கவுன்ட்டர் மைக்கை அவள் அணைத்திருக்கவில்லை, அதனால் வரிசை முழுவதற்கும் கேட்டது.

"மேடம், இதுல சிரிக்கிறது நீங்கதானே?"

வரிசை அசையாமல் நின்றது. அவள் பேப்பரை வாங்கினாள். கள்ள நோட்டா என்று பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்குத் தூக்கினாள். அவசரமில்லாமல் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"சார், நான் சிரிச்சு இங்க யாராவது பார்த்திருக்கீங்களா?"

அதிகாரி பக்கத்துக் கவுன்ட்டர்காரரைப் பார்த்தார். அவர் அவசரமாகத் தலையை ஆட்டி இல்லை என்றார். அதற்கு அடுத்தவரும் இல்லை என்றார். வரிசையில் நின்ற கண்ணாடிக்காரர்கூட, நான் தினம் வர்றேன் சார், சத்தியமா இல்லை என்று சாட்சி சொன்னார். அதிகாரி படத்தில் இருந்த முகத்தையும் எதிரே இருந்த முகத்தையும் இன்னொரு தடவை பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். வரிசை நகர்ந்தது.

துளியின் முறை வந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள். தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள்.

"எங்க போகணும்?"

பிளாட்பாரம் டிக்கெட் ஒன்று என்று அவர் சொல்லப் பார்த்தார். பாதி வாயில் அந்த வார்த்தை எங்கெங்கோ போய், ஒரு சின்னக் காற்றாக வெளியே வந்தது.

"சரியா சொல்லுங்க சார். பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, இருக்கிற பாதி முகத்தோடு மறுபடியும் சொன்னார். அவள் டிக்கெட்டை எடுத்து, கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். அதைத் தள்ளும்போது, வேறு யாருக்கும் தெரியாமல், அவளுடைய இடது மூக்குத் துவாரம் ஒரு தரம் துடித்தது.